படத்தில் என்ன பிழை?

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைத் தேடி வந்தால், எந்தத் தாள் நல்லது, எந்த வண்ணம் கடற்காற்றில் ஊறாது, புத்தகப் பெட்டியை பஸ்ஸில் எங்கே வைப்பது என்றுதான் கேட்கிறார்கள். அதெல்லாம் இரண்டு மூன்று பயணத்தில் உங்களுக்கே பிடிபட்டுவிடும். ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. நீங்கள் உங்கள் மனதிலிருந்து எடுத்துப் படமாகக் கீறிய ஒரு பிள்ளையைக் காட்டி, முன்பின் தெரியாத ஊரில் ஒருவர், "இவளை எனக்குத் தெரியும்" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்?

எனக்கு அது நடந்தது. உங்களில் யாருக்காவது நடக்கக்கூடும் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

சிறுவர்களுக்குக் கதை எழுதி, அதற்கு நானே படமும் கீறி, அச்சான புத்தகங்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் வாசித்துக் காட்டுவதுதான் என் தொழிலாக இருந்தது. மன்னார்த் தீவு முழுக்க, பாலத்துக்கு அப்பால் அடம்பன் பக்கம், தெற்கே முசலிக் கரை என்று அலைந்திருக்கிறேன். இப்போது முழங்கால் விடுவதில்லை. கீரியில் வீட்டோடு இருக்கிறேன்.

தொடங்கிய காலத்தில் தீவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய், யானைக்கால் மாதிரித் தடித்த பெருக்கமரம் ஒன்றுக்குக் கண்ணும் வாயும் வைத்த படத்தைக் காட்டிக் கதை சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சந்தோஷமாக வீட்டுக்கு வந்துவிட்டேன். சில நாள் கழித்து அதிபர் தொலைபேசியில் கூப்பிட்டார். "மிஸ், எங்கட பள்ளிக்கூடத்து ஒழுங்கையில ஒரு பெருக்கமரம் நிக்குது. பிள்ளையள் அதைத் தாண்டி வரமாட்டினமாம். முள்ளுப் பத்தைக்குள்ளால சுத்தி வந்து காலெல்லாம் கிழிச்சுக்கொண்டு நிக்கினம். நீங்கள் ஒருக்கா வாங்கோ."

போனேன். பிள்ளைகளை அந்த மரத்தடிக்கே கூட்டிக்கொண்டு போய், என் படத்தைத் தூக்கிப் பிடித்து, "இதில என்ன பிழை?" என்று கேட்டேன். பிள்ளைகள் மரத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு ஒரு சின்னவள், "மிஸ், மரத்துக்கு வாய் இல்லை" என்றாள். "கண்ணும் இல்லை!" "மிஸ் பட்டையைப் பிழையாக் கீறியிருக்கிறா!" கொஞ்ச நேரத்தில் எல்லோரும் மரத்தைத் தடவித் தடவி என் படத்தைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து எந்தக் கதை சொல்லி முடித்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் புத்தகத்தை மூடுவேன். பிழை கண்டுபிடித்த பிள்ளைக்குப் படம் வேறு, உலகம் வேறு என்று தெரிந்துவிடும். வீட்டுக்குப் போய்ச் சுகமாகத் தூங்கும்.

அந்தக் கேள்விக்கு ஒரேயொரு இடத்தில்தான் எனக்கு வேறு மாதிரிப் பதில் கிடைத்தது.

சிலாவத்துறைக்கும் முள்ளிக்குளத்துக்கும் நடுவில் ஒரு கரைக் கிராமம். பெயர் வேண்டாம், அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். பஸ்ஸால் இறங்கி ஓட்டோ பிடித்துப் போகவேண்டும். நான் அதற்கு முன் அந்த ஊருக்குப் போனதில்லை. அந்தப் பாதையால்கூடப் போனதில்லை. இதைத் திரும்பத் திரும்ப என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். போனதில்லை.

தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்று தொடங்கிவிட்ட காலம். மணல் பறந்து ஓட்டோக்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டே ஓட்டினார். நான் கொண்டுபோன புதுப் புத்தகத்தில், கடலுக்குக் காய்ச்சல் வந்துவிடுகிறது. அலைகள் கரைக்கு வந்து முனகுகின்றன. கரையோர வீட்டுச் சிறுமி ஒருத்தி யன்னலில் நின்று கதை சொல்லிக் கடலைத் தூங்கவைக்கிறாள். நடுப்பக்கம் முழுவதும் அந்த யன்னல்தான். நீலக் கதவு. கீழ்ப் பிணைச்சல் விட்டுப்போய் பச்சை நைலோன் கயிற்றால் கட்டியிருக்கும். யன்னலடிக் குந்தில் எண்ணெய்த் தகரம் ஒன்றில் நித்தியகல்யாணிச் செடி. கம்பியைப் பிடித்தபடி சிறுமி. கம்பிகள் கீறும்போது இரண்டாவது கம்பி எனக்குச் சரியாக வரவில்லை. அழித்துப்போட்டு, அந்த இடத்தில் ஒரு உடைந்த துடுப்பை நட்டுவைத்தேன். ஏன் துடுப்பு என்று கேட்டால் தெரியாது. கை போனது, கீறினேன்.

தரம் மூன்றுப் பிள்ளைகள். வகுப்பாசிரியை சஹானா ரீச்சர், அதே கரையில் பக்கத்து ஊர் முஸ்லிம் பெண், முப்பது வயதிருக்கும். பிள்ளைகள் நன்றாகவே சிரித்துக்கொண்டிருந்தார்கள். கடல் தும்மியது, சிரித்தார்கள். நண்டு கஷாயம் கொண்டுவந்தது, சிரித்தார்கள். நடுப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.

வகுப்பு அப்படியே அடங்கிவிட்டது.

பயந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்கள் ஒருவரோடொருவர் ஒட்டுவார்கள். இவர்கள் ஒட்டவில்லை. தெரிந்த ஆளைத் தெருவில் கண்டதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கம்போல, "சரி, சொல்லுங்கோ பாப்பம், இந்தப் படத்தில என்ன பிழை?" என்று கேட்டேன்.

முன்வரிசையில் இருந்த ஒருத்தி எழுந்து கிட்ட வந்து பார்த்தாள். "பிழை ஒண்டும் இல்லை, மிஸ்" என்றாள். "யசிந்தா அன்ரியின்ர வீடு."

பின்னாலிருந்து ஒரு குரல், "டிலானி நிக்கிறாள்."

"ஓம், மிஸ்" என்றாள் முன்வரிசைக்காரி. "அவள் இப்பவும் அப்பிடித்தான் நிக்கிறவள்."

சஹானா ரீச்சர் வந்து, என் கையிலிருந்த புத்தகத்தை மெதுவாக மூடினார்.

இடைவேளையில் அவர் என்னைப் பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "மிஸ், உங்களுக்கு ஆர் அந்த வீட்டைக் காட்டினது?"

"ஒருவரும் காட்டேல்லை. என்ர மேசையில இருந்து கீறினனான்."

ரீச்சர் என்னை நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால் விஷயத்தைச் சொன்னார். ஊரைக் கடல் தின்றுகொண்டு வருகிறது. எல்லோருக்கும் உள்ளே தள்ளி வீடு கட்டிக் கொடுத்துவிட்டார்கள். எல்லோரும் போய்விட்டார்கள், யசிந்தா என்கிற ஒருத்தியைத் தவிர. அவளுடைய மகள் டிலானி சில வருடங்களுக்கு முன் ஒரு சோளகத்தில் கரையில் விளையாடிக்கொண்டிருந்தபோது அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. பள்ளிக்கூடத்துக்குச் சேர்க்கிற வயதுகூட ஆகவில்லை. உடம்பு கிடைக்கவில்லை. தகப்பன் அதற்கு முன்னமே விட்டுவிட்டுப் போய் வேறு குடும்பமாகிவிட்டான். யசிந்தா அந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறாள்.

"பிள்ளை யன்னலில வந்து நிக்குதாம். நான் போனால் ஆர் அதுக்குக் கதவு திறக்கிறது எண்டு கேக்கிறா. எங்கட பிள்ளையளும் கண்டதெண்டு சொல்லுதுகள். நான் காணேல்லை மிஸ். நான் அந்தப் பக்கம் போறேல்லை." ரீச்சர் குரலைத் தாழ்த்தினார். "இந்தக் கிழமை காத்து பலக்கும் எண்டு அறிவிச்சிருக்கினம். அந்தச் சுவர் நிக்காது. இந்த நேரத்தில அவவின்ர கண்ணில இந்தப் புத்தகம் பட்டுதெண்டால்..."

பட்டுவிட்டது. காலையில் வகுப்புக்கு ஒன்று, வாசிகசாலைக்கு ஒன்று என்று நான் கொடுத்திருந்த புத்தகங்களில் ஒன்றை ஒரு பிள்ளை இடைவேளைக்கு யசிந்தா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறது. நாங்கள் திரும்பி முன்பக்கம் வந்தபோது வாசல் படலைக்குள் ஒரு பெண் நின்றாள். மெலிந்த உடம்பு. தலைமயிர் முழுக்க மணல். புத்தகத்தை நடுப்பக்கத்தில் விரித்தபடி நெஞ்சோடு வைத்திருந்தாள்.

"இதை ஆர் கீறினது?"

நான்தான் என்றேன். அவள் கிட்ட வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மிகவும் மரியாதையாக, "மிஸ், வீட்டை வாங்கோ" என்றாள்.

நான் போனேன். போயிருக்கக்கூடாது என்று சிலர் பிறகு சொன்னார்கள். படத்தைக் கீறினது நான். அதைப் பார்த்து ஒருவர் வந்து கூப்பிட்டால் போகாமல் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. சஹானா ரீச்சர் அதிபரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் போகாதவர், என்னோடு வந்தார். அதை நான் மறக்கமாட்டேன்.

பழைய ஊர் இருந்த இடத்தில் சுவர் அடிகள் மட்டும் மணலுக்குள் கோடு கோடாகத் தெரிந்தன. ஒரு கிணறு கடலுக்குள்ளேயே நின்றது. சுற்றியிருந்த மண் எல்லாம் போய், சீமெந்து வளையங்கள் மட்டும் ஆள் உயரத்துக்குப் புகைபோக்கிபோல நிற்க, அலை அதைச் சுற்றிச் சுற்றிப் போனது. அதைத் தாண்டினால் அந்த வீடு. சமையலறை ஏற்கனவே இல்லை. வாசலில் பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று நின்றது. அடம்பனில் கலியாணம் முடித்திருக்கிற தங்கச்சி றெஜினா, அக்காவை ஏற்றிக்கொண்டு போகக் காலையிலிருந்து வந்து நின்று மன்றாடிக்கொண்டிருந்தாள்.

நான் யன்னலைப் பார்த்தேன்.

நீலக் கதவு, எந்தக் கரையிலும் இருக்கும். பச்சை நைலோன் கயிறு, வள்ளம் இருக்கிற எந்த வீட்டிலும் இருக்கும். தகரத்தில் பூச்செடியும் அப்படித்தான். இப்படி ஒவ்வொன்றாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். இரண்டாவது கம்பி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு உடைந்த துடுப்பு நட்டிருந்தது. அதற்குமேல் சொல்லிக்கொள்ள எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

யசிந்தா உள்ளே போய் எனக்காக ஒரு கதிரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். றெஜினா என் கையைப் பிடித்து வேலிக்கரைக்கு இழுத்தாள்.

"மிஸ், உங்களைக் கும்பிடுறன். சும்மா கீறினது எண்டு சொல்லாதேங்கோ, அவள் நம்பமாட்டாள். பிள்ளை உங்கட கனவில வந்தது, அம்மாவைச் சித்தி வீட்டை போகச் சொன்னது எண்டு சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் ஏறுவாள். இப்பவே ஏறுவாள்."

சஹானா ரீச்சரும் தலையை ஆட்டினார். "ஒரு உசிரைக் காப்பாத்த எண்டு சொல்லுற பொய்தானே மிஸ். அல்லாஹ் மன்னிப்பான்."

இங்கேதான் உங்களைக் கொஞ்சம் நிற்கச் சொல்கிறேன். அந்தப் பொய் வேலை செய்திருக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பொய்யை நம்பும்படி சொல்வதுதானே நம் தொழில். அலை சுவரில் அடிக்கும்போது வீட்டுக்குள்ளிருந்து மண் உதிர்வது கேட்டது. ஒரு நிமிடத்தில் முடிந்துவிடக்கூடிய காரியம். வாய்வரை வந்துவிட்டது.

என்னைத் தடுத்தது பெரிய நேர்மை ஒன்றும் இல்லை. நாளைக்கு என்ன ஆகும் என்று யோசித்தேன். பிள்ளை எனக்குச் சொன்னது என்று இன்றைக்குச் சொன்னால், நாளைக்கு அவள் அடம்பனிலிருந்து என்னிடம் வருவாள். வேறென்ன சொன்னது என்று கேட்பாள். பசிக்குதாமா, குளிருதாமா, எப்ப வருமாம். அதற்கெல்லாம் நான் பதில் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். அந்த வீட்டு யன்னலிலிருந்து அவளை இறக்கி, என் யன்னலில் ஏற்றிவிட்டதாக முடியும்.

உள்ளே போனேன். கதிரையில் இருந்தேன். யசிந்தா நிலத்தில் இருந்து என் முகத்தையே பார்த்தாள். "எங்கை கண்டனீங்கள் அவளை?"

"நான் காணேல்லை, யசிந்தா. மனசில வந்ததைக் கீறினன். எப்பிடி வந்ததெண்டு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

அவள் சிரித்தாள். "உங்களுக்குத் தெரியாது மிஸ். ஆனால் அவள் உங்களிட்டை வந்திருக்கிறாள். வந்து நிண்டு காட்டியிருக்கிறாள். அப்ப நான் எப்பிடிப் போறது?"

வாசலில் நின்ற றெஜினா முகத்தைப் பொத்திக்கொண்டாள். உண்மையைச் சொல்லியும் ஒரு பயனும் இல்லை. இன்னொரு அலை வந்து அடித்தது. குந்திலிருந்த தகரம் ஆடியது. என்ன செய்வதென்று தெரியாதபோது மனிதர் பழக்கத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். நான் அவள் மடியிலிருந்த புத்தகத்தைக் காட்டி, எத்தனையோ வகுப்பில் கேட்டதையே கேட்டேன்.

"இந்தப் படத்தில என்ன பிழை?"

"பிழையோ?" அவளுக்கு அந்தக் கேள்வி விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. குனிந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு, "கை" என்றாள்.

"என்ன கை?"

"அவள் இடக்கைக்காரி. கம்பியை இடக்கையாலதான் பிடிப்பாள். சோறும் இடக்கையால, நான் அடிச்சடிச்சு..." நிறுத்திக்கொண்டாள்.

நான் பையிலிருந்து பலகையையும் தாளையும் எடுத்து மடியில் வைத்தேன். "சரி. வேற?"

"நெத்தி இவ்வளவு இல்லை. மயிர் கீழை வந்திருக்கும். என்ர மாதிரி." தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். "காது கொஞ்சம் வெளியால நிக்கும். வாய்... வாய் இப்பிடி மூடியிருக்காது. எந்த நேரமும் ஏதாவது சொல்லிக்கொண்டு இருப்பாள்."

அவள் சொல்லச் சொல்ல நான் கீறினேன். என் மனதில் வந்த எதையும் கீறவில்லை. அந்தப் பிள்ளையின் நல்ல படம் ஒன்றுமே மிஞ்சியிருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. யசிந்தாவின் கைத்தொலைபேசி சமையலறையோடு கடலுக்குள் போய்விட்டது. றெஜினாவிடம் இருந்த ஒன்றிரண்டிலும் பிள்ளை ஓடிக்கொண்டே இருந்ததால் முகம் கலைந்துபோய் இருந்தது. இத்தனை காலமும் இந்தத் தாய் முகமில்லாத ஒன்றுக்குத்தான் கதவு திறந்துகொண்டிருந்திருக்கிறாள்.

இனிச் சொல்லப்போவதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளின் நடுவில் இருந்து கீறிப் பழகியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். கீறும்போது ஒரு பிள்ளை வந்து உங்கள் முழங்கையில் சாயும். மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கும். அந்தப் பாரம் ஒரு பூனைக்குட்டியின் பாரம்தான், ஆனால் வேறு எதோடும் மாறிப்போகாது. நீங்கள் திரும்பிப் பார்க்காமலே முழங்கையைக் கொஞ்சம் தள்ளி அதற்கு இடம் கொடுப்பீர்கள். நான் அப்படி இடம் கொடுத்தேன். இடது முழங்கை. கொடுத்த பிறகுதான் அந்த அறையில் பிள்ளை ஒன்றும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

யசிந்தா எனக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். மற்ற இருவரும் வாசலில். பாரம் அப்படியே இருந்தது. குளிராகவும் இல்லை, சூடாகவும் இல்லை. சட்டை கொஞ்சம் ஈரமானதுபோல இருந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. துணிச்சலால் இல்லை. திரும்பினால் கை நிற்கும், கை நின்றால் யசிந்தாவின் வாய் நிற்கும், அவள் மறுபடி பேசத் தொடங்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. பென்சிலையே பார்த்துக்கொண்டு, "கண் எப்பிடி?" என்றேன்.

கண் முடிந்தது. தாளைத் திருப்பிக் காட்டினேன்.

யசிந்தா தொடவில்லை. கையைத் தாளுக்கு மேலே பிடித்துக்கொண்டு இருந்தாள். "ஓம்" என்றாள். "ஓம். இவள்தான்." பிறகு இடப்புருவத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளத்தைக் காட்டி, "கொப்புளிப்பான் வந்த அடையாளம். இதை நான் சொன்னனானோ?" என்று கேட்டாள்.

"நீ சொல்லேல்லை அக்கா" என்றாள் றெஜினா வாசலிலிருந்து.

தாளில் ஏதும் சுருக்கம் இருந்து பென்சில் தடக்கியிருக்கலாம். அப்படியும் நடப்பதுண்டு. முழங்கையில் பாரம் போய்விட்டிருந்தது. எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை.

யசிந்தா இப்போது புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். என் தாளைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள். மறுபடி தாளை. அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் மெல்ல மெல்ல அணைந்ததை நான் கண்டேன்.

"இது வேற பிள்ளை" என்றாள், புத்தகத்தைக் காட்டி.

"ஓம். அது வேற பிள்ளைதான்" என்றேன்.

"இல்லை மிஸ், உங்களுக்கு விளங்கேல்லை." அவள் எழுந்துவிட்டாள். "நான் ஒவ்வொரு நாளும் காணுறது இவளைத்தான். இந்தப் புத்தகத்தில இருக்கிறவளை. வலக்கையால கம்பியைப் பிடிச்சுக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு நிக்கிறவள்." யன்னல் பக்கம் திரும்பாமலே விரலை மட்டும் அங்கே நீட்டினாள். "அப்ப அது ஆர்?"

யன்னல் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. காற்று அடித்துக்கொண்டே இருந்தது, ஆனால் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த யன்னல் கதவு ஆடும் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

யசிந்தா மாதா சுரூபத்தை எடுத்துச் சேலைத்தலைப்பில் சுற்றினாள். என் தாளை எடுத்து மாதாவுக்கு மேல் வைத்து இறுக்கிப் பிடித்தாள். "றெஜினா, வா" என்றாள், காலையிலிருந்து மன்றாடுவது தானே என்பதுபோல. அலுமாரியை எடுக்கவில்லை. பாயை எடுக்கவில்லை. சட்டிபானை எடுக்கவில்லை. செருப்பையும் போடவில்லை. லாண்ட்மாஸ்டரில் ஏறி, நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

நாங்களும் அதிலேயே ஏறிக்கொண்டோம். கடலுக்குள் நின்ற கிணற்றைத் தாண்டும்போது சஹானா ரீச்சர் மட்டும் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். உடனே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஏதோ ஓதத் தொடங்கினார். பள்ளிக்கூடம் வரும்வரை உதடு நிற்கவில்லை. என்ன கண்டார் என்று நான் அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

வீடு அந்தக் கிழமையே போய்விட்டது. ரீச்சர்தான் தொலைபேசியில் சொன்னார். "ஆக்கள் ஒருத்தரும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு, வகுப்புக்குக் கொடுத்த புத்தகத்தைப் பிள்ளைகள் இறாக்கைத் தட்டிலிருந்து எடுப்பதில்லை, திருப்பி அனுப்பட்டுமா என்று கேட்டார். அனுப்பச் சொன்னேன். மற்ற ஊர்களில் அந்தப் புத்தகத்தைப் பிள்ளைகள் வயிறு வலிக்கச் சிரித்து வாசித்தார்கள், துடுப்பைப் பார்த்து, "மிஸ், கம்பிக்குப் பதிலா இதென்ன?" என்று கேலி செய்தார்கள். அச்சில் நான் எதையும் மாற்றவில்லை. மாற்றினால் எதற்காக மாற்றினேன் என்று நான் எனக்கே சொல்லவேண்டி வந்திருக்கும்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். துக்கத்தில் இருக்கிற ஒருவர் உங்கள் கற்பனையைத் தன்னுடையது என்று கேட்டால், கொடுத்துவிடாதீர்கள். இல்லை என்று அடித்துப் பறிக்கவும் வேண்டாம். பென்சிலை எடுத்துக்கொண்டு, அவரிடம் இருப்பதைக் கேளுங்கள். அது நடக்கும்போது வேறு ஏதாவது உங்கள் பக்கத்தில் வந்து நின்றால், கையை நிறுத்தாதீர்கள்.

யசிந்தாவை நான் பிறகும் ஒருமுறை கண்டேன். அடம்பன் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போனபோது றெஜினா வீட்டுக்கும் போனேன். சுற்றிவர வயல். கடல் மணம்கூட இல்லை. யசிந்தா உடம்பு தேறி இருந்தாள். தையல் மெசினில் பள்ளிக்கூடச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். சுவரில் நான் கீறிய படம் கண்ணாடி போட்டுத் தொங்கியது.

தேத்தண்ணி குடித்து முடிந்ததும் அவள் என் பையைப் பார்த்துக்கொண்டு, "மிஸ், ஒண்டு கேக்கட்டோ?" என்றாள். "இப்ப வளந்திருப்பாள். பெரிய பள்ளிக்கூடச் சட்டை போட்டிருப்பாள். அப்பிடி ஒருக்கா கீறித் தருவீங்களோ?"

எனக்கு அது கஷ்டமான வேலை இல்லை. அந்தச் சின்ன முகத்தை வளர்த்துக் கீற எனக்குத் தெரியும், உங்களில் பலருக்கும் தெரியும். அவள் கண்கள் பையை விட்டு எடுபடவில்லை.

"அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியாது, யசிந்தா" என்றேன். "நீங்கள் சொல்லுங்கோ, கீறுறன்."

அவள் சொல்ல வாயெடுத்தாள். கையைக்கூடத் தூக்கி, எவ்வளவு உயரம் என்று காட்டப் போனாள். கை காற்றில் எங்கே நிற்பதென்று தெரியாமல் மேலும் கீழும் போனது. பிறகு மடியில் விழுந்தது.

"எனக்கும் தெரியாது மிஸ்" என்றாள். "எனக்கு இவளை மட்டும்தான் தெரியும்."

அதைச் சொன்ன பிறகு அழுதாள். றெஜினா குசினியிலிருந்து மாப் பிசைந்த கையோடு ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்து, "அலை கொண்டுபோன அண்டைக்கும் இவள் அழேல்லை" என்றாள்.

நான் புறப்பட எழுந்தபோது படத்துக்குக் கீழே நிலத்தைக் கண்டேன். சிவப்புச் சீமெந்து, வீடு முழுக்க வழுவழுப்பாக இருந்தது. சுவரோடு ஒட்டி அந்த இடத்தில் மட்டும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்னத் திட்டுகள். நான் பார்ப்பதைக் கண்ட றெஜினா, "மேசன் கடல் மண்ணைக் கலந்துபோட்டான் மிஸ். எத்தினை தரம் துடைச்சாலும் விடிய வந்திடுது" என்றாள்.

யசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் ஈரத்துணி எடுத்து வந்தாள். குனிந்து, அவசரமில்லாமல், அந்த இரண்டு இடத்தையும் துடைத்தாள்.

"கரையால வாற பிள்ளை காலைக் கழுவிப்போட்டோ வரும்?" என்றாள்.